முடித்த பிறகு மூடிவைத்த கேம்: ஸ்டார் ஃபாக்ஸ் 2

[திரையில்: விண்வெளி வரைபடம். மூலையில் ஒரு கிரகம். அதை நோக்கி ஒரு சின்ன ஏவுகணை நகர்கிறது.]

இந்த ஏவுகணையைக் கொஞ்சம் கவனியுங்கள். அது போய் விழப்போகும் இடம் கார்னேரியா, நாம் காப்பாற்ற வேண்டிய கிரகம். சரி, தடுத்துவிடலாம் என்று விண்கலத்தைத் திருப்புகிறோம். வழியில் எதிரிக் கூட்டம் மறிக்கிறது. அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலும் அந்த ஏவுகணை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது. சண்டையில் ஜெயித்து வரைபடத்துக்குத் திரும்பினால், அது கிரகத்தின் தலைக்கு மேலே வந்து நிற்கிறது.

ஸ்டார் ஃபாக்ஸ் 2. நின்டெண்டோ நிறுவனத்தின் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்காக, அதாவது டிவியில் இணைத்து விளையாடும் கருவிக்காக உருவாகி, 1995-இல் வேலை முடிந்து, கடைக்கு வராமலே ரத்தான கேம். ரத்தான கேம்களுக்குப் பஞ்சமே இல்லை. பணம் தீர்ந்து நின்றவை, தலைமையில் இருந்தவர் கோபித்துக்கொண்டு போனதால் நின்றவை, அடுத்து எப்படிக் கொண்டுபோவது என்றே தெரியாமல் பாதியில் நின்றவை. இதற்கு அந்த மாதிரிக் குறை எதுவும் இல்லை. கேமை முடித்தார்கள். அப்புறம்தான் வேண்டாம் என்றார்கள்.

[திரையில்: முதல் ஸ்டார் ஃபாக்ஸ். வழவழப்பே இல்லாத, மூலை மூலையான ஆர்விங் விண்கலம்.]

இது புரிய, முதல் கேமைப் பார்க்க வேண்டும். லண்டனில் ஆர்கோநாட் என்று ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. நிறுவியவர் ஜெஸ் சான். அங்கே வேலை பார்த்த டிலன் கத்பர்ட், ஜைல்ஸ் காடர்ட் இருவரும் அப்போது இளைஞர்கள். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாயின் குட்டித் திரையில் முப்பரிமாணக் காட்சியை ஓடவிட்டுக் காட்டினார்கள் ஆர்கோநாட்காரர்கள். நின்டெண்டோ அசந்துபோனது. சூப்பர் நின்டெண்டோவிலும் இதைச் செய்ய முடியுமா என்று பேச்சு வந்தபோது ஜெஸ் சான் சொன்ன பதில் துணிச்சலானது: புரோகிராம் எழுதி மட்டும் ஆகாது, தனியாக ஒரு சிப்பே வேண்டும்.

அந்த சிப்தான் சூப்பர் எஃப்எக்ஸ். அது கன்சோலுக்குள் கிடையாது, கன்சோலில் செருகும் கேம் பெட்டியான கேட்ரிட்ஜுக்குள் இருக்கும். சூப்பர் நின்டெண்டோவின் பிராசஸர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது. தட்டையான படங்களைத் திரையில் நகர்த்துவதில் அந்தக் கன்சோல் கில்லாடி. ஆனால் முக்கோணங்களைக் கணக்கிட்டு, சுழற்றி, தொலைவுக்கு ஏற்றபடி சுருக்கி வரையச் சொன்னால் திணறிப்போகும். அந்தக் கணக்கையெல்லாம் கேட்ரிட்ஜில் இருக்கும் சிப் போடும். படத்தைத் தன் பக்கத்து நினைவகத்திலேயே வரைந்து முடித்து, 'இந்தா, காட்டு' என்று கன்சோலிடம் கொடுத்துவிடும். கேட்ரிட்ஜ் செருகும்போது ஒரு குட்டிக் கணினியையே செருகுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1993-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் இதை வைத்துத்தான் பறந்தது. நரியை நாயகனாக்கும் யோசனை நின்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோவுக்குக் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலிலிருந்து வந்தது. நரிச் சிலைகளும், வரிசையாக நிற்கும் சிவப்புத் தோரண வாயில்களும் உள்ள கோயில் அது. கேமில் வளைவுகளுக்குள் புகுந்து புகுந்து பறக்கிறோமே, அதன் மூலம் அங்கேதான்.

ஆனால் முதல் கேம் தண்டவாளத்தில் ஓடும் ரயில் மாதிரி. பாதை முன்பே போட்டிருக்கும், நாம் சுட்டுக்கொண்டே போவோம். இரண்டாவதில் அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டார்கள்.

[திரையில்: ஸ்டார் ஃபாக்ஸ் 2. விமானியைத் தேர்ந்தெடுக்கும் திரை. ஆறு முகங்கள்.]

முதலில் ஆறு பேரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபாக்ஸ், ஃபால்கோ, பெப்பி, ஸ்லிப்பி நால்வரும் பழைய ஆட்கள். மியு, ஃபே இருவரும் புதியவர்கள், பெண் விமானிகள். அப்புறம் நேராக வரைபடம். ஒரு பக்கம் கார்னேரியா, மறுபக்கம் வில்லன் ஆண்ட்ராஸின் படை. ஏவுகணைகள் வருகின்றன, போர்க்கப்பல்கள் வருகின்றன, இடையில் உள்ள கிரகங்களில் எதிரித் தளங்கள் முளைத்திருக்கின்றன. எதை முதலில் கவனிப்பது என்பது உங்கள் முடிவு. கார்னேரியாவின் சேதம் 100 சதவீதத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

நான் முதல் முறை விளையாடியபோது ஒரு போர்க்கப்பலின் உள்ளே புகுந்து, அதன் மையத்தை உடைத்துவிட்டுப் பெருமையாக வெளியே வந்தேன். அதற்குள் இரண்டு ஏவுகணைகள் ஊரைப் பதம் பார்த்துவிட்டன. நன்றாகச் சுடத் தெரிந்திருந்தும் தோற்றேன். ஸ்டார் ஃபாக்ஸில் அதற்கு முன் அப்படித் தோற்றதே இல்லை.

கிரகத்தில் இறங்கினால் இன்னொரு வேடிக்கை. ஒரே ஒரு பட்டனை அழுத்தினால் ஆர்விங் இரண்டு கால் முளைத்த நடைவண்டியாக மாறும். மேலே பறந்து காவலர்களைச் சுட்டுவிட்டு, சட்டென்று தரையில் இறங்கி, காலால் சுவிட்சை மிதித்துத் தளத்தின் கதவைத் திறக்கலாம். இதெல்லாம் நடப்பது 1990-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கன்சோலில். கூடுதல் பலத்துக்கு இரண்டாம் தலைமுறை சூப்பர் எஃப்எக்ஸ் சிப், 21 மெகாஹெர்ட்ஸ்.

1995 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். பிரச்சினை என்னவென்றால், அதற்குள் உலகம் மாறிவிட்டது.

[திரையில்: தேதிகள் ஒவ்வொன்றாக. 1994 நவம்பர், சேகா சாட்டர்ன். 1994 டிசம்பர், பிளேஸ்டேஷன்.]

முந்தைய இரண்டே மாதங்களில் ஜப்பானில் இந்த இரண்டு கன்சோல்களும் இறங்கியிருந்தன. முப்பரிமாணம் என்பது அவற்றுக்கு அன்றாட வேலை. அவற்றுக்குப் பக்கத்தில் ஸ்டார் ஃபாக்ஸ் 2-ஐ வைத்துப் பார்த்தால், நொடிக்கு 20 ஃபிரேமுக்கும் (திரையில் மாறும் படங்களுக்கும்) கீழே தட்டுத் தடுமாறி ஓடும் படம், மேல்பூச்சு இல்லாத ஒற்றை நிறப் பலகைகள். நின்டெண்டோவும் சும்மா இல்லை. அதன் அடுத்த கன்சோலான நின்டெண்டோ 64 தயாராகிக்கொண்டிருந்தது. முப்பரிமாணம் என்றால் இனி அதில்தான், பழைய கன்சோலின் முப்பரிமாணத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று மியாமோட்டோ நினைத்தார். அவ்வளவுதான், கேம் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை. நின்டெண்டோ 64 சொன்ன நேரத்துக்கு வரவில்லை. தள்ளித் தள்ளி, ஜப்பானில் கடைக்கு வந்தது 1996 ஜூனில். இடையில் ஸ்டார் ஃபாக்ஸ் 2-ஐ வெளியிட்டு, விற்று, மறந்தும்கூட இருக்கலாம். அதே இரண்டாம் தலைமுறை சிப்பை வைத்து யோஷியின் தீவு என்ற கேம் 1995-இல் தாராளமாக வெளிவந்தது. ஆனால் அது கையால் வரைந்ததுபோன்ற தட்டைப் படம். எந்தப் புதிய கன்சோலோடும் அதை ஒப்பிட முடியாது, அதனால் தப்பித்தது.

என்னைக் கேட்டால், நின்டெண்டோவின் பயம் நியாயமானது, முடிவுதான் தப்பு. பத்திரிகையில் அருகருகே படம் போட்டு ஒப்பிட்டால் இந்த கேம் தோற்றிருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் இதன் சிறப்பு எந்தப் படத்திலும் தெரியாது. நகரும் ஏவுகணையைப் படம் பிடித்தால் அது வெறும் புள்ளி. வரைபடத்தைப் பார்த்து நெஞ்சு பதறுவதை அச்சடிக்க முடியாது.

இதை நின்டெண்டோவே நன்றாக அறிந்திருந்தது என்பதுதான் சுவாரசியம். பெட்டியில் போட்ட கேமிலிருந்து உதிரி பாகங்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். 1997-இல் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் 64-இல், எல்லாப் பக்கமும் சுற்றிப் பறந்து சண்டை போடும் கட்டங்கள் உண்டு. ஸ்டார் உல்ஃப் என்ற எதிரி அணியும் உண்டு. இரண்டுமே இங்கிருந்து போனவை. வரைபடத்தில் திட்டம் போடும் யோசனை 2006-இல் ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்டில் திரும்பி வந்தது. அதை உருவாக்கியது க்யூ-கேம்ஸ், டிலன் கத்பர்ட் கியோட்டோவில் தொடங்கிய நிறுவனம். தன் பொருளை அவரே மீட்டெடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். கால் முளைத்த ஆர்விங் 2016-இல் ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவில் நடந்தது. மியுவுக்கும் ஃபேவுக்கும் மட்டும் அந்த கேம்கள் எதிலும் இடம் கிடைக்கவில்லை.

இதற்கிடையே, முடியும் தறுவாயில் இருந்த ஒரு பிரதி எப்படியோ இணையத்தில் கசிந்தது. ரசிகர்கள் அதை எமுலேட்டரில், அதாவது பழைய கன்சோலைப்போல நடிக்கும் கணினி மென்பொருளில் ஓட்டினார்கள், பிழைகளைத் தட்டிச் சரிசெய்தார்கள், ஜப்பானிய வாசகங்களை ஆங்கிலத்தில் மாற்றினார்கள். விற்பனைக்கே வராத கேமுக்கு விளையாட்டுக் குறிப்புகள் எழுதியவர்களும் உண்டு.

[திரையில்: உள்ளங்கை அளவு சூப்பர் நின்டெண்டோ கிளாசிக்.]

2017 செப்டம்பரில் நின்டெண்டோ தன் பழைய கன்சோலைச் சிறிதாக்கி, 21 கேம்களை உள்ளே வைத்து விற்றது. இருபது கேம்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. இருபத்தொன்றாவது ஸ்டார் ஃபாக்ஸ் 2. அதையும் சும்மா தரவில்லை, பூட்டித்தான் கொடுத்தார்கள். முதல் ஸ்டார் ஃபாக்ஸின் முதல் கட்டத்தை முடித்தால்தான் திறக்கும். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம் பெரிய விஷயமா என்ன! 2019 டிசம்பரில் இது நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கான ஆன்லைன் சந்தாவிலும் சேர்ந்தது.

இப்போது விளையாடினால் எப்படி இருக்கும்? முதல் பத்து நிமிடம் கண் உறுத்தும். படம் துள்ளும், தொலைவில் இருப்பது கப்பலா கல்லா என்றே தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், அதற்குள் கை பழகிவிடும். ஒவ்வொரு முறையும் எதிரிகள் இடம் மாறி வருவதால், முடித்த கையோடு மறுபடி ஆரம்பிக்கத் தோன்றும்.

விமானியைத் தேர்ந்தெடுக்கும்போது பழக்க தோஷத்தில் ஃபாக்ஸ் மேல் கை போகும். மியுவை எடுங்கள். கவசம் மெல்லியது, நாலு அடி வாங்கினால் தாங்காது. ஆனால் வேகம் அதிகம். அந்த ஏவுகணையை முந்துவதற்கு அதுதான் வேண்டும்.