சன்னமாகக் கேட்கும் அழுகை

நேயர்களுக்கு வணக்கம். பழைய திகில் படங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் படம் எடுத்தவனில்லை, படம் ஓட்டியவன். 1970களில் மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். திரையைப் பார்த்ததைவிட, சுவரிலிருந்த சின்னச் சதுரக் கண்ணாடி வழியாகச் சனங்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகம். பயந்துபோனவர் சிரித்து மழுப்பிவிடலாம். தோள்பட்டை காட்டிக் கொடுத்துவிடும்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நாங்கள் அதைச் சனிக்கிழமை நள்ளிரவுக் காட்சியாகப் போட்டோம். அதில் ஷவரில் குளிக்கும் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்திக் கொல்கிற அந்தக் குளியலறைக் கொலை முக்கால் நிமிடம்தான். கத்தி இறங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. காட்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய காட்சிகள். ரத்தமாக ஓடுவது சாக்லேட் பாகு.

அன்றைக்கு எங்கள் அறையிலிருந்த சின்ன ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. எனக்குக் கேட்டதெல்லாம் புரொஜெக்டரின் கடகடப்பு மட்டும். சத்தமில்லாமல் பார்த்தபோது அது வெறும் தண்ணீர், ஒரு திரைச்சீலை, ஒரு கை. கீழேயோ வரிசை வரிசையாகத் தோள்கள் காதுவரை ஏறின. மறுவாரம் ஒலிபெருக்கியைச் சரிசெய்த பிறகுதான் காரணம் புரிந்தது: வயலின்களின் கிறீச்சிடல். பெர்னார்ட் ஹெர்மன் அந்தப் படம் முழுவதற்கும் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாமென்று முதலில் நினைத்திருந்த ஹிட்ச்காக், கேட்ட பிறகு மனம் மாறினார்.

என்னை யோசிக்க வைத்தது அதற்கு அடுத்து வந்த நேரம். வயலின் நின்ற பிறகும் ஏறிய தோள்கள் இறங்கவில்லை. அவள் செத்துக் கிடக்கிறாள். ஷவர் அது பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் குழியில் சுழன்று இறங்குகிற சத்தம். நம் வீட்டில் தினமும் காலையில் கேட்கிற அதே சத்தம். படம் நம் வீட்டுக்குள் வந்து உட்காருவது அந்த இடத்தில்தான். அதில் நடித்த ஜேனட் லீயே, அதன்பிறகு ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது பினாங்குப் பாலம் கிடையாது; 1985-இல்தான் திறந்தார்கள். வேலை முடிந்து பெர்ரியில் வீடு திரும்பும்போது, அடியில் தண்ணீர் மோதும் சத்தத்தை அன்று நான் கேட்க விரும்பவில்லை.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் வாழைமரங்கள். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகவிட மாட்டார் பாட்டி. பொந்தியானாக் என்கிற மலாய்ப் பேய் வாழையில்தான் தங்குமாம். பிரசவத்தில் செத்துப்போன பெண். பச்சைப்பிள்ளை போல அழுவாளாம். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பெண்களிடம் கேட்டறிந்த கணக்கு ஒன்றையும் பாட்டி சொல்வார்.

"அழுகை பெருசாக் கேட்டா அவ தூரத்துல இருக்கா. சன்னமாக் கேட்டாத்தான்டா பக்கத்துல நிக்கிறா."

அன்றிரவு எந்த அழுகையும் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பொந்தியானாக்கை 1957-இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் படமாக எடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அடுத்த ஆண்டுக்குள் இன்னும் இரண்டு பொந்தியானாக் படங்கள் எடுக்கும் அளவுக்கு ஓடியது. அந்த முதல் படத்துக்கு இன்று பிரதியே இல்லை. ரீல் பெட்டிகளைத் தோளில் சுமந்தவன் என்பதால், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இப்போது வருகிற பேய்ப் படங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் காது கிழிகிறது. என் பேரப்பிள்ளைகள் துள்ளுகிறார்கள், அடுத்த நொடியே சிரிக்கிறார்கள், வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்குகிறார்கள். பாட்டியின் கணக்குப்படி அந்தப் பேய் வெகு தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் வந்து நிற்கிற படம், நாம் யோசிக்காமல் நம்புகிற ஒன்றைத் தொட்டுவிடும். குளிக்கிற இடம், படுக்கிற கட்டில், பெற்ற தாய்.

இதை இயக்குநர் ராபர்ட் வைஸ் அளவுக்குச் செய்து காட்டியவர்கள் குறைவு என்பது என் எண்ணம். அவருடைய 'தி ஹாண்டிங்' 1963-இல் வந்தது. கடைசிவரை பேய் ஒரு தரம்கூடக் கண்ணில் படாது. ஓர் இரவு. சுவருக்கு அப்பால் யாரோ முணுமுணுக்கிறார்கள், பிறகு ஒரு குழந்தை அழுகிறது. படுத்திருக்கும் எலினோர், இருட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிகிறது. தோழி எட்டத்தில், தன் கட்டிலில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கையை?

ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து போகும். அதைப் பார்த்ததும், அடுத்த ரீலை ஏற்றி வைத்திருக்கும் இரண்டாவது மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும். இரண்டாவது புள்ளியில் படத்தை அதற்கு மாற்ற வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாத வேலை.

'தி ஹாண்டிங்' ஓட்டிய அன்று கடைசி வரிசையில், என் கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். படம் தொடங்கியதிலிருந்து அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்திருந்தார். திரையில் விளக்கு எரிந்ததும் மெல்லத் தன் கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் புள்ளி வந்து போனது எனக்குத் தெரியவில்லை.