கொடியிலிருந்து சுவர் வரை எத்தனை கை?

நேயர்களுக்கு வணக்கம்.

நீச்சல் கற்றுக்கொள்வது வேறு, நீச்சல் அணியில் சேர்வது வேறு. நான் பேச வந்தது இரண்டாவதைப் பற்றி. பள்ளிப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பல வருஷமாகக் குளக்கரையில் ஸ்டாப்வாட்ச்சோடு நேரம் குறிக்கிறவன் நான். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஓர் அணிக்குள் வந்து சேர்வதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

நீச்சல் நமக்குப் புதிதில்லை. கிராமத்துக்காரர்களுக்குத் தெரியும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்குவார்கள். சித்தப்பாவோ மாமாவோ கீழே மிதந்தபடி "குதிடா, நான் இருக்கேன்" என்பார். சில நாளில் குடுக்கை தேவைப்படாது. அது உயிரைக் காக்கிற நீச்சல். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வந்தே ஆக வேண்டும். ஆனால் அதில் பிள்ளையும் தண்ணீரும்தான். அணிக்கு வந்தால் மற்றவர்களும் தண்ணீருக்குள் இருக்கிறார்கள்.

சென்னையில் வேளச்சேரிக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது, 50 மீட்டர் நீளம். கோடை விடுமுறையில் இப்படிப்பட்ட குளங்களில் நிற்க இடம் இருக்காது. பள்ளி திறந்ததும் கூட்டம் கரைந்துவிடும். மிஞ்சுகிற சிலரில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து காலை பேட்ச்சுக்கு வா" என்பார் கோச். அங்கேதான் ஆரம்பம்.

முதல் நாள் கயிறு கட்டிப் பிரித்த ஒரு லேனுக்குள் ஆறேழு பிள்ளைகளோடு இறக்கிவிடுவார்கள். போகும்போது ஒரு ஓரம், திரும்பும்போது மறு ஓரம். முன்னால் போகிறவள் கிளம்பி ஐந்து விநாடி கழித்துத்தான் நீ கிளம்ப வேண்டும். அவள் பாதத்தைத் தொடக் கூடாது. முந்த வேண்டுமென்றால் சுவர் வரும்வரை பொறுத்திருந்து, அங்கே அவள் வழிவிட்டால் போகலாம். வீட்டில் ரிமோட்டுக்காக அண்ணனோடு மல்லுக்கு நின்ற பிள்ளை, இங்கே சுவரோரம் ஒதுங்கி, "நீ போ, நீதான் வேகம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். யாரும் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. லேன் எடுத்த பாடம் அது.

அப்புறம் அந்தக் கடிகாரம். குளக்கரையில் பெரிதாக ஒன்று இருக்கும், விநாடி முள் மட்டும் சுற்றும். "முள் பத்துக்கு வந்ததும் கிளம்பு" என்பார் கோச். போய்த் தொட்டு, நிமிர்ந்து முள்ளைப் பார்த்து, எத்தனை விநாடி ஆயிற்று என்று கழித்துச் சொல்ல வேண்டும். கணக்கு வாத்தியாரிடம் கழித்தலுக்குத் திணறுகிற பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டே "நாப்பத்தி ரெண்டு சார்" என்று சரியாகச் சொல்லும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. குளத்தின் குறுக்கே முக்கோணக் கொடிகள் தொங்குமே, கவனித்திருக்கிறீர்களா? அலங்காரத்துக்கு என்று நினைப்போம். சுவரிலிருந்து சரியாக 5 மீட்டரில் கட்டியிருப்பார்கள். மல்லாந்து நீந்துகிறவருக்குச் சுவர் தெரியாதல்லவா? தலைக்கு மேல் கொடி வந்ததும் கை வீச்சை எண்ண ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு உண்டு, ஆறு கை, ஏழு கை என்று. கொடி நகராது, சுவர் நகராது. பிள்ளை வளரும், கை நீளும், இழுப்பு பலப்படும். ஒரு நாள் குளத்திலிருந்து தலையை நீட்டி, "சார், எனக்கு இனிமே ஆறு இல்ல, அஞ்சு!" என்று கத்துகிற முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பதக்கம் வாங்கும்போதுகூட அந்த முகம் வருவதில்லை.

ஒரு ரிலே பற்றிச் சொல்கிறேன், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் குதிக்கிற அணிப் போட்டி. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள், நாலு பேர், ஆளுக்கு 50 மீட்டர். நடுவரின் நீண்ட விசில், மேடையில் ஏறுகிறார்கள், "டேக் யுவர் மார்க்ஸ்", ஒரு நிசப்தம், பீப். முதல் இரண்டு பேர் நன்றாகவே போனார்கள். மூன்றாவது குழந்தை குதித்ததும் காகிள்ஸ் கழன்று வாய்க்கு வந்துவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். லேன் கயிற்றில் ஒருமுறை இடித்தாள், திரும்பி வந்தாள், மறுபடி இடித்தாள். நிற்கவில்லை. மற்ற அணிகளின் கடைசிப் பிள்ளைகள் எல்லாம் குதித்துப் போய்விட்டார்கள். எங்கள் லேன் மேடையில் ஒரு பொடிசு மட்டும், தொப்பிக்குள் போட்ட பவுடர் நெற்றியில் வழிய, குனிந்து நிற்கிறது. ரிலேயில் விதி என்னவென்றால், வருகிறவர் சுவரைத் தொடும்வரை உன் கால் விரல் மேடையை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் நாலு பேருக்கும் போச்சு. மாடத்திலிருந்து "குதி, குதி" என்று ஒரே கூச்சல். முழங்கால் நடுங்குகிறது அதற்கு. குதிக்கவில்லை. வருகிறவளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. கை சுவரில் பட்டது, அப்புறம்தான் போனது.

கடைசி இடம்தான் வந்தார்கள். ஏறி வந்த பொடிசு நேராக என்னிடம் வந்தது. எத்தனாவது என்று கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. "சார், அக்கா தொட்டப்புறம்தானே நான் குதிச்சேன்?" என்றது. "ஆமாம்மா, தொட்ட பிறகுதான்" என்றேன். ஓடிப்போய் அந்த அக்காவிடம் சொன்னது. அந்த அக்காவுக்கு வயது ஒன்பதுதான்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மறுபடி மறுபடி கேட்கிறேன்: மாடத்தில் உட்கார்ந்து போனில் நேரம் எடுக்காதீர்கள். பத்து வயதில் முந்துகிற பிள்ளை பல சமயம் சீக்கிரம் வளர்ந்த பிள்ளை, அவ்வளவுதான். நீச்சல் வீரர் சாஜன் பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியில் வளர்ந்தவர், அவருடைய தாயார் தடகள வீராங்கனை. 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீந்தினார், இரண்டு கையையும் ஒன்றாக வீசி நீந்துகிற வகை அது. ஒலிம்பிக்குக்கு நேராகத் தகுதி பெறுகிற 'ஏ' தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 விநாடி. அவர் நீந்தியது 1:56.38. விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். அந்தத் தகுதியைத் தொட்ட முதல் இந்தியர் அவர். அப்போது அவருக்கு வயது 27. உங்கள் பிள்ளைக்கு ஒன்பது. இப்போதே விநாடியை எண்ண வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். குளித்து முடித்து வந்ததும் "என்ன டைம்?" என்று கேட்காமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து சூடாக ஏதாவது கொடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அணியைவிட்டு நின்றுவிடுகிறார்கள். வயதுக்கு வந்தாயிற்று, கறுத்துப்போய்விடுவாள், முடி போய்விடும், இப்படி வீட்டில் பேச்சு. குளத்திலோ தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறைகூடச் சில இடங்களில் இல்லை. அறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், பெண் பயிற்சியாளர் ஒருவரை வையுங்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் "போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இதைப் பற்றியே தனியாக ஓர் உரை பேசலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், முடியவில்லை.

உங்கள் ஊரில் சிறுவர் நீச்சல் போட்டி நடந்தால், பிள்ளை இல்லாதவர்களும் போய்ப் பாருங்கள். ரிலேயைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார்கள். அதுவரை இருந்துவிட்டு வாருங்கள். வணக்கம்.