இறங்கிய கழகத்துக்கு என்ன விலை?

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டிலும் கடையிலும் முச்சக்கரவண்டியிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் அன்பு. விளையாட்டும் பணமும் பற்றி ஒரு கால்மணி நேரம் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் விளையாட்டு வீரன் அல்ல. உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பித்தவன். பந்து வலைக்குள் போவதைவிட, போன பிறகு ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கில், என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்கு ருசி. ஆகவே இன்று எடுத்துக்கொண்ட விடயம் தரமிறக்கம். மேல் பிரிவில் விளையாடிய ஒரு உதைபந்தாட்டக் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்டால் அதன் விலைக்கு என்ன ஆகிறது, அதன் சொந்தக்காரர் என்ன ஆகிறார்?

நம்மூர்க் கழகம் ஒன்று கீழே போனால் தேநீர்க்கடையில் ரெண்டு கிழமைக்குக் கேலி நடக்கும். ஜேர்சிக்கு அனுசரணை கொடுத்த கடை முதலாளி அடுத்த வருசம் "பாப்பம் தம்பி" என்பார். சுவிஸில் இருக்கும் பழைய கோல்காப்பாளர் மட்டும் கோபத்தோடு தொலைபேசி எடுத்து நாலு பேச்சுப் பேசிவிட்டு, வழமையாக அனுப்பும் காசைக் கூட்டி அனுப்புவார். அவ்வளவுதான். கழகம் யாருடையது என்ற கேள்வியே எழாது. அது அங்கத்தவர்களுடையது. பொருளாளரிடம் வங்கிப் புத்தகம் இருக்கும், செயலாளரிடம் கூட்டக் குறிப்பு இருக்கும். விற்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை.

ஆனால் வெபர் மைதானத்திலும் கல்முனைச் சந்தாங்கேணியிலும் விளையாடிவிட்டு, சனி இரவு தொலைபேசித் திரையில் இங்கிலாந்துப் போட்டி பார்க்கிற நம் பெடியன்கள் ஆதரிக்கும் கழகங்களின் கதை வேறு. அவை கம்பனிகள். அவற்றுக்கு விலை உண்டு, அந்த விலை ஒரே பின்னேரத்தில் பாதியாகலாம்.

இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள். வருசா வருசம் கடைசி மூன்றும் சம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். ஒளிபரப்பு உரிமை முதலிய பொதுப் பணத்தில், கடைசி இடத்தில் வருகிற கழகத்துக்கே ஒரு பருவத்துக்கு 100 மில்லியன் பவுணுக்கு மேல் கிடைக்கிறது. ஒரு படி கீழே போனால், சாதாரணக் கழகம் ஒன்றுக்கு அந்த வழியில் கிடைப்பது ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. அதே மைதானம், அதே ரசிகர், அதே பெயர். இடைவெளி மட்டும் பத்தில் ஒன்பது பங்கு.

மாமாங்கத் திருவிழாவில் கடை போடுபவர்களுக்கு இது உடனே விளங்கும். கோயில் வாசலுக்கு எதிரே இடம் கிடைத்த மணிக்கடைக்காரரை அடுத்த வருசம் பின் ஒழுங்கைக்கு மாற்றினால் வளையல் அதே வளையல்தான், வியாபாரம்தான் அதே வியாபாரமாக இருக்காது. அவருடைய கடையின் பெறுமதியில் பெரும்பகுதி அந்த இடத்தின் பெறுமதி. அந்த இடமோ அவருக்குச் சொந்தமில்லை. உதைபந்தாட்டக் கழகத்தை வாங்குகிற கோடீஸ்வரரின் நிலையும் இதுதான். அவர் காசு கொடுப்பது பெரும்பாலும் முதற்பிரிவில் உள்ள ஓர் இருக்கைக்கு, அதற்கு உறுதி எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

விழுகிறவர்கள் எலும்பை முறித்துக்கொள்ளக் கூடாதென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பரசூட் கொடுப்பனவு என்பார்கள். முதற்பிரிவுக் கழகங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பணத்தில் ஒரு கழகத்துக்கு வரும் பங்கில், இறங்கிய கழகத்துக்கு முதல் வருசம் 55 வீதம், அடுத்த வருசம் 45 வீதம், மூன்றாம் வருசம் 20 வீதம். மேலே ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு அந்த மூன்றாம் வருசம் கிடையாது. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டாம் பிரிவில் ஏற்கெனவே இருப்பவர்கள் இந்தப் பணக்காரரோடு போட்டி போடுவதற்காகத் தகுதிக்கு மீறிச் செலவழிக்கத் தொடங்கினார்கள். சம்பியன்ஷிப்பில் பல வருசங்களில் கழகங்களின் மொத்த வருமானத்தைவிடச் சம்பளச் செலவு கூடுதலாக இருந்திருக்கிறது. என் மாணவன் ஒருவன் இப்படி ஒரு கணக்குச் செய்து கொண்டுவந்தால், எங்கேயோ கூட்டல் பிழை என்றுதான் முதலில் தேடியிருப்பேன்.

வருமானம் ஒரு நாளில் விழும், சம்பளம் அப்படி விழாது. வீரரின் ஒப்பந்தம் நாலு ஐந்து வருசத்துக்கு. விவரமான நிர்வாகம், தரமிறங்கினால் சம்பளம் இத்தனை வீதம் குறையும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வைக்கும். 2017 இல் இறங்கிய சண்டர்லாந்து கழகத்தில் ஒரு வீரரின் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லை. இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே வாரம் 70,000 பவுண் வரை அவருக்கு எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்ததாக அப்போது செய்திகளில் அடிபட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கையெழுத்து வைத்தவர்கள் இரண்டு தரப்பு.

சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் வீரர்களை விற்க வேண்டியதுதான். இங்கே கணக்காளருக்கு மட்டும் தெரியும் ஒரு விசித்திரம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய வீரர் ஐந்தொகையில் தொட்டுணர முடியாத சொத்தாக நிற்பார், ஒப்பந்தக் காலத்துக்குப் பிரித்துத் தேய்மானம் போடுவார்கள். சின்ன வயதிலிருந்து கழகத்திலேயே வளர்ந்த பெடியனுக்கு ஐந்தொகையில் பெறுமதி பூச்சியம். அவனை விற்றால் வருவது முழுக்க இலாபம். அதனால் கழகம் கஷ்டத்தில் விழுந்ததும் முதலில் விலைபோகிறவன், ஊர்ச் சனம் தன் பிள்ளை என்று கொண்டாடியவன். எல்லோருக்கும் இவர்களுடைய அவசரம் தெரியும் என்பதால் கேட்கிற விலையும் கிடைக்காது. தேவைக்கு விற்கிறவனிடம் யார்தான் பேரம் பேசாமல் விடுவார்கள்?

சரி, சொந்தக்காரரிடம் வருவோம். இதற்கு லீட்ஸ் கழகத்தைவிட நல்ல பாடம் இல்லை, அவர்கள் இரண்டு தரம் விழுந்து காட்டியிருக்கிறார்கள்.

2001 இல் லீட்ஸ் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அந்த வருமானம் இனி ஒவ்வொரு வருசமும் வரும் என்ற நம்பிக்கையில், வருங்கால நுழைவுச்சீட்டுப் பணத்தை ஈடு காட்டி 60 மில்லியன் பவுண் கடன் எடுத்தார்கள். அடுத்த பருவம் அந்தப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. நட்சத்திர வீரர் ரியோ ஃபேர்டினண்ட் மஞ்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் போனார், அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்களும். தலைவரின் அறையில் இருந்த தங்கமீன் தொட்டிக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது பிறகு வெளியே வந்து, இங்கிலாந்து முழுக்கச் சிரித்தது. மீன் பாடும் ஊர்க்காரர் நாம்கூட மீனை வாடகைக்கு எடுத்ததில்லை. 2004 இல் தரமிறங்கினார்கள். அதே வருசம் தங்கள் எல்லண்ட் ரோட் மைதானத்தையே விற்றார்கள், பிறகு அதே மைதானத்தில் வாடகைக்கு விளையாடினார்கள். 2007 இல் கடன் தாங்காமல் கழகம் வெளி நிர்வாகி ஒருவரின் கைக்குப் போய், மூன்றாம் பிரிவுக்கும் விழுந்தது. மைதானம் திரும்பக் கைக்கு வந்தது 2017 இல். முதற்பிரிவுக்குத் திரும்பியது 2020 இல். 16 வருசம்!

இரண்டாம் விழுகை 2023 மே மாதம். அப்போது இத்தாலியரான அந்திரேயா ரத்ரிசானி பெரும்பங்குச் சொந்தக்காரர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியின் முதலீட்டுப் பிரிவு 2018 முதலே சிறிது சிறிதாகப் பங்கு வாங்கி வந்தது. மிச்சத்தையும் வாங்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதற்பிரிவில் நிலைத்தால் கழகத்தின் மொத்தப் பெறுமதி 400 மில்லியன் பவுணுக்கு மேல் என்ற அடிப்படையில் அந்தப் பேச்சு நடந்ததாகச் செய்தி. கடைசிப் போட்டியும் தோற்று இறங்கினார்கள். இறுதியில் கைமாறியது ஏறத்தாழ 170 மில்லியன் என்ற பெறுமதிக்கு. மைதானத்தில் ஒரு புல்லும் குறையவில்லை, ரசிகரில் ஒருத்தரும் குறையவில்லை. புள்ளிப்பட்டியலில் சில இடங்களுக்கு 230 மில்லியன்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. விற்றவர் அதே நாட்களில் இத்தாலியில் சம்ப்டோரியா கழகத்தை வாங்கும் கூட்டில் சேர்ந்தார். அந்தக் கழகமும் அதே பருவத்தில்தான் தரமிறங்கியிருந்தது. இறங்கியதால் ஒன்றை மலிவாக விற்க வேண்டி வந்தவருக்கு, இறங்கியது மலிவு என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. லீட்ஸை மலிவில் எடுத்த அமெரிக்கர்களுக்கோ 2025 இல் கழகம் 100 புள்ளிகளோடு முதற்பிரிவுக்குத் திரும்பியது.

ஆக, தரமிறக்கம் கழகத்தின் விலையைக் குறைப்பதோடு நிற்பதில்லை, வாங்க வருகிற ஆளையும் மாற்றிவிடுகிறது. 400 மில்லியன் விலைக்கு வரக்கூடியவர்கள் உலகத்தில் கொஞ்சப் பேர், அவர்களைப் பற்றி விசாரிக்க ஏதாவது இருக்கும். விலை கீழே போகப் போக, யாரும் வரலாம் என்றாகிறது. சண்டர்லாந்து 2018 இல் மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியபோது, பழைய சொந்தக்காரர் எலிஸ் ஷோட் கடனையெல்லாம் தானே தீர்த்துவிட்டு விற்றார். பெருந்தன்மைதான். ஆனால் புதிதாக வந்தவர்கள் கொடுத்த விலையில் பெரும்பங்கு, கழகத்துக்கு வரவிருந்த அதே பரசூட் பணத்திலிருந்து போனது. கழகம் தன்னைத் தானே வாங்கிக் கொடுத்தது போல. சட்டப்படி அது குற்றமில்லை என்பது வேறு விடயம். பெரி கழகத்தின் கதை இன்னும் மோசம். 1885 இல் தொடங்கிய அந்தக் கழகம், நாலாம் பிரிவுக்கு இறங்கியிருந்த 2018 இல் ஒரு பவுணுக்குக் கைமாறியது. ஒரே ஒரு பவுண். அந்தப் பருவத்திலேயே நன்றாக விளையாடி மேலே ஏறியது. ஆனாலும் கடன் கட்டப் பணம் உண்டென்று காட்ட முடியாமல் 2019 ஓகஸ்டில் லீக்கை விட்டே நீக்கப்பட்டது.

இந்தப் பயம் பிடிக்காத முதலீட்டாளர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். அமெரிக்கத் தொடர்களில் தரமிறக்கம் என்பதே இல்லை. ஐபிஎல் கிரிக்கெட்டிலும் இல்லை. 2021 இல் லக்னோ அணி 7,090 கோடி இந்திய ரூபாய்க்கும், அகமதாபாத் அணி 5,625 கோடிக்கும் ஏலம் போயின, ஒரு பந்துகூட வீசப்படும் முன்பு. நம்மில் பாதிப் பேர் ஆதரிக்கும் சென்னை அணி 2025 இல் கடைசி இடத்தில் வந்தது. அதனால் அதன் இருக்கை போயிற்றா? இல்லை, அடுத்த வருசமும் அதே இருக்கைதான். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய கழகங்கள் நிரந்தர இருக்கையோடு தமக்கென ஒரு சுப்பர் லீக் அறிவித்ததும் இந்த ஆசையில்தான். ரசிகர்கள் வீதிக்கு வர, இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் இரண்டே நாளில் விலகின. அந்தச் சனத்தை எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கள் கழகம் விழலாம் என்று தெரிந்துகொண்டே, விழும் வழியை மூட வேண்டாம் என்று கேட்டவர்கள்.

ஜேர்மனியில் வாக்குரிமையின் பெரும்பான்மை பெரும்பாலான கழகங்களில் அங்கத்தவர் சங்கத்திடம் இருக்க வேண்டும். 2018 இல் முதன்முறையாக இறங்கிய ஹம்பர்க் மேலே வர 2025 ஆயிற்று. ஆனால் அந்த ஏழு வருசத்தில் கழகத்தை ஒரு பவுணுக்கோ ஒரு யூரோவுக்கோ யாரும் தள்ளிவிட்டுப் போக வழி இருக்கவில்லை.

இங்கிலாந்திலும் ரசிகர் கைக்கு ஒரு பெரிய கழகம் வந்தது உண்டு. போர்ட்ஸ்மத். 2008 இல் எஃப்ஏ கிண்ணம் வென்றது. 2010 இல் பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே வெளி நிர்வாகியிடம் போன முதலாவது கழகம் என்ற பெயரோடு தரமிறங்கியது. சொந்தக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள், 2013 இல் நாலாம் பிரிவு. அந்தக் கட்டத்தில் ரசிகர்கள் தங்கள் அறக்கட்டளை மூலம், ஒரு பங்கு 1,000 பவுண் என்று விற்றார்கள். தனியே முடியாதவர்கள் நண்பர்களாகச் சேர்ந்து ஒரு பங்கு எடுத்தார்கள். அந்தக் காசோடு நீதிமன்ற வாசல் வரை போய்க் கழகத்தையும் ஃபிரட்டன் பார்க் மைதானத்தையும் மீட்டார்கள். பழைய கடனை அடைத்தார்கள். 2017 இல் மூன்றாம் பிரிவுக்கு ஏறவும் செய்தார்கள்.

அதே 2017 இல்தான் டிஸ்னி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மைக்கல் ஐஸ்னர் வாங்க வந்தார். மேலே போக வேண்டுமானால் பெரிய காசு வேண்டும், ரசிகரிடம் அவ்வளவு இல்லை. பங்குக்காரர் வாக்களித்தார்கள். பெரும்பான்மையானோர் விற்கச் சம்மதித்தார்கள். இதைத் துரோகம் என்றவர்களும் இருந்தார்கள், புத்தி என்றவர்களும் இருந்தார்கள். 2024 இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு வந்தது.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு பங்குக்காரனாக இருந்திருந்தால் விற்கும் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். தூக்குவதற்கு முன்பு, நாளைக்கு இன்னொரு தரம் இறங்கினால் மைதானத்தின் உறுதி யாருடைய பெயரில் இருக்கும் என்று மட்டும் எழும்பி நின்று கேட்டிருப்பேன்.

நன்றி நேயர்களே, வணக்கம்.