சூடு ஏறினால் கூடுதலாகக் கரையுமா?

அவையோருக்கு வணக்கம்.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். இரண்டிலும் 100 மில்லி தண்ணீர், 30 டிகிரி வாக்கில். ஒன்றில் உப்பையும் மற்றதில் சர்க்கரையையும் கலக்கிக்கொண்டே போடுவோம். உப்பு 36 கிராமோடு நின்றுவிடும். அதற்கு மேல் போடுவது அடியில் தங்கும். சர்க்கரை 220 கிராம் வாக்கில்தான் நிற்கும். இப்போது இரண்டையும் 100 டிகிரிக்குக் கொண்டுபோவோம். சர்க்கரை 487 கிராம் வரை ஏறும். உப்பு? 39 கிராம். மூன்றே மூன்று கிராம்தான் கூடுதல்.

வெந்நீரில் எதுவும் அதிகமாகக் கரையும் என்று பள்ளியிலிருந்தே நமக்கு ஒரு நினைப்பு. எவ்வளவு சீக்கிரம் கரைகிறது, எவ்வளவு கரைகிறது என்ற இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்த நினைப்பு அது. வெந்நீரில் உப்பு சீக்கிரம் கரையும், சந்தேகமில்லை. பொடித்துப் போட்டாலும், கலக்கினாலும்கூடச் சீக்கிரம் கரையும். அளவு மட்டும் கிட்டத்தட்ட அதேதான்.

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பை வெயிலில் காய்ச்சி எடுப்பதற்குக் காரணம் இந்த மூன்று கிராம்தான். சூடான உப்புக் கரைசலை ஆறவைத்தால் பெயருக்குத்தான் உப்பு விழும். தண்ணீரையே விரட்டினால்தான் உண்டு. உப்பளத்தில் நீரின் அடர்த்தியைப் போமே டிகிரி என்ற அளவில் பார்ப்பார்கள்; இது சூட்டின் டிகிரி அல்ல. கடல்நீர் 3 முதல் 3.5 வரை இருக்கும். 13 வாக்கில் ஜிப்சம் விழத் தொடங்கும், 25-இல் உப்பு. 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் கூடவே ஒட்டிக்கொண்டு கசக்கும், காற்றில் கசியும். அதனால் அதற்கு முன்பே மீதி நீரை வடித்துவிட வேண்டும்.

சர்க்கரையின் கதை வேறு. 100 மில்லி தண்ணீரில் 350 கிராம் சர்க்கரையைக் காய்ச்சிக் கரைத்து 30 டிகிரிக்கு ஆறவிட்டால், 130 கிராம் அதிகப்படியாக உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். அது உடனே வெளியே வராது. பிடித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கற்கண்டுக்கு நூல் தொங்கவிடுவது அதற்குத்தான். நூலைப் பாகில் நனைத்து, சர்க்கரையில் புரட்டி, ஒரு நாள் நன்றாகக் காயவைத்து, பாகு ஆறிய பிறகுதான் இறக்க வேண்டும். ஈர நூலைச் சுடுபாகில் இறக்கினால் விதைப் படிகங்கள் கரைந்து வெறும் நூல்தான் மிஞ்சும். பாத்திரத்தை ஆட்டினாலோ, ஃபிரிட்ஜில் வைத்து அவசரமாகக் குளிரவைத்தாலோ ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் படிகம் பிடித்து, கற்கண்டுக்குப் பதில் சேறு மாதிரி ஒன்று கிடைக்கும். ஜாமூன் பாகில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். பாகு பூக்கக் கூடாது, அதாவது படிகம் பிடிக்கக் கூடாது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். அந்த இரண்டும் குறுக்கே நின்று படிகத்தை வளரவிடாது.

ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி? நவச்சாரத்தை, அதாவது அமோனியம் குளோரைடைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டுக் குவளையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். கரையும்போது அது சூட்டை உறிஞ்சுகிறது. அப்படி உறிஞ்சும் பொருளுக்கு வெளியிலிருந்து சூடு கொடுத்தால் இன்னும் கரையும். சூட்டை வெளியே விட்டுக் கரையும் பொருளுக்குச் சூடு ஏற்றினால் கரைவது குறையும். இது பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்லியே சொன்ன விதி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காஸ்டிக் சோடா தண்ணீரில் விழுந்ததும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். ஆனாலும் வெந்நீரில்தான் அது அதிகம் கரையும். பார்க்க வேண்டியது முதல் கரண்டி விடுகிற சூட்டை அல்ல, கரைசல் நிறைவடையும் நிலையில் கடைசிக் கரண்டி என்ன செய்கிறது என்பதை. பாடநூல்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

சூட்டில் குறைவாகக் கரைவதற்குச் சுண்ணாம்பு நல்ல உதாரணம். தெளிந்த சுண்ணாம்பு நீர் லிட்டருக்கு 20 டிகிரியில் 1.7 கிராம் தாங்கும். கொதிநிலையில் அதில் பாதிகூடத் தாங்காது. ஜிப்சமும் 40 டிகிரிக்கு மேல் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். வாட்டர் ஹீட்டரில் கம்பிச் சுருளின் மேலேயே கல் பிடிப்பது ஏன் என்றால், தண்ணீர் மிகச் சூடாகும் இடம் அதுதான். ஆனால் நம் வீட்டு ஹீட்டரில் படிவதில் பெரும்பகுதி இன்னொரு வழியில் வருகிறது. ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். அதைக் கரைசலில் வைத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. சூடு ஏறியதும் அந்த வாயு வெளியேற, கார்பனேட் கல்லாகப் படிகிறது. வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரைவது இந்தக் கல். நுரையும் வராமல் கரையவும் இல்லையென்றால், அது பெரும்பாலும் ஜிப்சம். வினிகரைக் கொட்டிப் பயனில்லை.

வாயு வந்துவிட்டது, அழுத்தத்தையும் பேசலாம். உப்பு, சர்க்கரை மாதிரித் திடப்பொருள்களுக்கு அழுத்தம் ஒரு பொருட்டல்ல. கண்ணில் தெரிகிற மாற்றத்துக்கே நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தம் வேண்டும். வாயுவுக்கு அதுதான் எல்லாமே. இரண்டு மடங்கு அழுத்தினால் இரண்டு மடங்கு கரையும் என்று ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803-இல் வெளியிட்டார்.

கோலி சோடாவை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் 1.45 கிராம் கார்பன் டை ஆக்சைடு தாங்கும். நான்கு மடங்கு அழுத்தினால் 5.8 கிராம். பாட்டிலைக் கவிழ்த்ததும் கோலி கழுத்துக்கு வந்து, உள்ளிருக்கும் வாயுவே அதை ரப்பர் வளையத்தோடு நெருக்கிப் பிடிக்கும்; தனி மூடி வேண்டாம். சோடா போடத் தண்ணீரைக் குளிரவைப்பதில் ஒரு கணக்கு உண்டு. 5 டிகிரியில் அதே அழுத்தத்துக்கு ஏறக்குறைய இரு மடங்கு வாயு உள்ளே போகும். பாட்டில் வெயிலில் கிடந்து 40 டிகிரி ஆனால், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் லிட்டருக்கு ஒரு கிராமைக்கூடத் தண்ணீரால் தாங்க முடியாது. 25 டிகிரியில் நான்காக இருந்த உள் அழுத்தம் ஆறை நெருங்கும். கீறல் விழுந்த பழைய கண்ணாடி வெடிப்பது அப்போதுதான்.

கோலியைத் தள்ளியதும் எல்லா வாயுவும் ஒரே மூச்சில் போய்விடாது. கற்கண்டுக்கு நூல் மாதிரி, குமிழிக்கும் ஒரு பிடிமானம் வேண்டும். உப்புத் தூளில் ஒட்டியிருக்கும் காற்றுத் துணுக்குகள் அதைக் கொடுக்கும். சோடாவில் உப்புப் போட்டதும் பொங்கி வழிவது அதனால்தான். முதலில் எலுமிச்சைச் சாற்றிலேயே உப்பைக் கரைத்துவிட்டு, சோடாவை ஓரமாகச் சாய்த்து ஊற்றினால் காரம் நிற்கும்.

காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கும் இதே கணக்குதான். 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 30-இல் 7.6. இதில் உயரமும் சேரும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே 15 டிகிரி குளிர்ந்த நீரில் இருக்கும் ஆக்சிஜனும், சென்னையில் 30 டிகிரி நீரில் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. மீன் குளத்தில் கோடையில் தண்ணீர் குறைவாக ஆக்சிஜன் தாங்கும். மீனுக்கோ அதிகம் தேவைப்படும். இரவு முழுக்கப் பாசியும் சேர்ந்து மூச்சுவிடுவதால் விடியற்காலையில்தான் நிலைமை மோசம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீனியை நிறுத்திவிட்டு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்ட வேண்டும், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, கேமரூனில் உள்ள நியோஸ் ஏரி. ஆழம் 200 மீட்டருக்குச் சற்று மேல். அடியில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருபது மடங்கு. எரிமலைப் பாறை வழியே கசியும் கார்பன் டை ஆக்சைடு அங்கே பல ஆண்டுகளாகக் கரைந்து சேர்ந்தது. 1986 ஆகஸ்ட் 21 இரவு அடிநீர் கிளம்பியது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, குமிழி குமிழியை இழுத்து, ஏரியே திறந்த சோடா பாட்டில் ஆனது. காற்றைவிடக் கனமான அந்த வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கி 1,700-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2001-இல் அடிவரைக்கும் ஒரு குழாய் இறக்கினார்கள். தண்ணீரை ஒருமுறை பம்ப் செய்து கிளப்பினால் போதும். குழாய்க்குள் ஏறும்போது பிரியும் குமிழிகளே நீரை மேலே தள்ளும். பிறகு பம்பை நிறுத்திவிடலாம், வாயு தீரும்வரை ஊற்று தானாகவே பீறிடும்.