காகிதக் குழலும் எனக்கு ஆகாத ஒரு வார்த்தையும்

வணக்கம். ஆமாம், மறுபடியும் வகுப்புக் கதைதான். ‘தாக்கம்’ என்ற வார்த்தை எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். போன வீடியோவில் புலம்பித் தீர்த்தேன். இந்த வாரமும் பாதிக் கட்டுரைகள் ‘சமூகத்தில் மருத்துவத் தொழில்நுட்பத்தின் தாக்கம்’ என்றே வந்து நிற்கின்றன. ஏதோ கருவி வானத்திலிருந்து விழுந்து சமூகத்தின் மண்டையைப் பிளந்த மாதிரி!

அதனால் ஸ்லைடை மூடிவிட்டுக் காகிதத்தைக் கையில் எடுத்தேன். 1816, பாரிஸ். லாயனெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறு அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வருகிறார். நெஞ்சில் நேராகக் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் அப்போதும் உண்டு. ஆனால் வயதுப் பெண்ணிடம் அது தகாது என்று இவர் தயங்கினார். தாள்களை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். காதை நேராக வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, செய்து பார்ப்போம் என்றால் குழல் நிற்கவே இல்லை. ஒற்றைத் தாள் அமுங்கியது. ஐந்து தாள் பிரிந்துகொண்டது. ஒட்டலாம் என்றால் டேப்பின் முனையைக் காணோம்! நகத்தால் சுரண்டிச் சுரண்டியே ஏழு நிமிடம் போனது. டேப் முனையை மடித்து வைக்காதவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. கடைசியில் ஒரு மாணவி முழு நோட்டையே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள். நின்றது!

அட, ஒன்று விட்டுப்போனது. லாயனெக்கிடம் வந்த அந்தப் பெண் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்தும் தொட்டுப் பார்த்தும் பலனில்லை என்றும் லாயனெக் எழுதியிருக்கிறார், 1819இல் வந்த தன் நூலில். வெறும் கூச்சம் மட்டும் காரணமில்லை.

எங்கே இருந்தேன்? குழல். “யார் நெஞ்சில் வைப்பது?” என்று கேட்டேன். கப்சிப். ஒருவர் தரையைப் பார்க்கிறார், ஒருவர் பேனா மூடியைத் திருகுகிறார். நான் வாயே திறக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, “மேடம், இதே கூச்சம்தானே அந்தக் குழலைச் செய்ய வைத்தது?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள். கருவிக்கு முன்பே நாகரிகம், வெட்கம், யார் யாரைத் தொடலாம் என்ற கணக்கு எல்லாம் அறைக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

அப்புறம் ஒரு பையன் முன்வந்தான். சட்டைக்கு மேலேயே வைத்து அவனுடைய நண்பன் கேட்டான். “லப்-டப் வருது மேடம்!” ஆளாளுக்குக் கேட்க வரிசை கட்டினார்கள். கேட்காமல் நின்றது அந்தப் பையன் மட்டும்தான். “என்னோடதை நான் கேட்கக் கூடாதா?” என்று குனிந்து, வளைந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். விறைப்பான நேர்க்குழல், எட்டவே இல்லை. இரண்டு காதுக்கும் குழாய் வைத்த வகை 1850களில்தான் வந்தது. இந்த மாதிரி விறைப்பான குழலில் நோயாளியின் நெஞ்சுச் சத்தம் மருத்துவருக்கு மட்டும்தான்.

மணி அடித்த பிறகும் அவன் அந்த நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.