கட்டை போடுங்கள், கல்லை எடுங்கள்

(கோத்தகிரியில் ஓட்டுநர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, ஊட்டியிலிருந்து இந்த மழையிலும் வந்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஐயா அவர்களே, மாலையும் கழுத்துமாக வீற்றிருக்கும் மூத்த ஓட்டுநர் அண்ணன்மார்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, தேநீர் உபயம் செய்த தோட்ட மேலாளர் அவர்களே, எதிரே இருக்கும் ஜீப், டாக்சி, மினி பஸ் தோழர்களே! யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் செயலாளரிடம் கோபித்துக்கொள்ளுங்கள். பட்டியல் அவர் கொடுத்தது.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள்: இந்த மலையில் ஓடிய விசித்திர வண்டிகள், மலைப்பாதையில் ஓட்டும் முறை, ஹாரன் அடிக்கும் நாகரிகம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். மலை வண்டிக்கு அச்சாணி எது என்று போகப்போகச் சொல்கிறேன்.

விசித்திரம் என்றால் முதலில் நம் ரயில்தான். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வந்தது, 1908-ல் ஊட்டியை எட்டியது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, தண்டவாளங்களுக்கு இடையில் பதித்த பல் வைத்த சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. எஞ்சினை மட்டும் நம்பி ஒரு பெட்டியைக்கூட மலையில் விடவில்லை. இதை மனதில் வையுங்கள்.

அப்புறம் அம்பாசிடர். தொழிற்சாலையில் அதன் காலம் 2014-ல் முடிந்தது. நம் டாக்சி ஸ்டாண்டில் முடியக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆனது.

அடுத்து யெஸ்டி. மைசூரில் செய்த மோட்டார் சைக்கிள், ஒற்றை சிலிண்டருக்கு இரட்டை சைலன்சர். என் மாமா ஒன்று வைத்திருந்தார். தலைதீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, "மாமா, சாவி கொடுங்க" என்று வாங்கி, மாமா மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கோடநாடு காட்சிமுனைக்குக் கிளம்பினார். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. இறங்கி கிக்கரைத் தேடுகிறார். இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை. குனிந்து அடியிலும் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஜீப்காரர் பிளக்கைக் கழற்றச் சொன்னார். பஸ் டிரைவர் பெட்ரோல் காக்கைத் திருகச் சொன்னார். இன்னொருவர், "இறக்கத்துல தள்ளுங்க, பிடிச்சுக்கும்" என்றார். மாப்பிள்ளை தள்ளித் தள்ளி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார் போலிருந்தது. கடைசியில் மாமா மகள் வந்து, கியர் லீவரை உள்ளே அமுக்கி மேலே திருப்பினாள். அந்த வண்டியில் அதுவேதான் கிக்கர்! "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் மாப்பிள்ளை. "நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் வண்டி பின்னால் உருளாமலிருக்கச் சக்கரத்தடியில் ஒரு கல் வைத்திருந்தார்கள். வண்டி கிளம்பியது, கல் நடுரோட்டிலேயே கிடந்தது. மறுநாள் விடியற்காலை மூடுபனியில் பால்காரர் அதில் மோதி விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

எந்தக் கொண்டை ஊசி வளைவுக்கும் போய்ப் பாருங்கள், ஒரு கல் கிடக்கும். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள், சக்கரம் நகர்ந்ததும் கட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களே, நமக்கு ஏன் அது வரவில்லை? அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. கட்டை இல்லாத வண்டி மலையில் நிற்காது.

ஓட்டும் முறை உங்களுக்குத் தெரியாததா? ஏறின கியரிலேயே இறங்கு, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடு. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை. பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கி, புகை வந்த பிறகு ஓரங்கட்டிக் கல் தேடுகிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறோம். வண்டியில் கட்டை இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்டால் என்ன? ஆய்வாளர் ஐயா சிரிக்கிறார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை ஐயா. சங்கம் இன்றைக்கே தீர்மானம் போட வேண்டும்.

கற்பூர மரத் துண்டை ஆப்பு மாதிரி செதுக்கி, ஒரு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, மறுமுனையை வண்டியில் கட்டிவிடுங்கள். ஏற்றத்தில் நின்றால் சக்கரத்துக்குப் பின்னால், இறக்கத்தில் நின்றால் முன்னால். மறந்து கிளம்பினாலும் தடதடவென்று கூடவே வரும், நடுரோட்டில் கிடக்காது.

ஹாரன் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மண்டப வாசலில் தச்சர் செய்த கட்டைகள் அடுக்கியிருக்கின்றன. காசு வேண்டாம், கயிறு உங்கள் செலவு. மினி பஸ்காரர்களுக்குப் பெரிய கட்டை இடப்பக்கம் இருக்கிறது. வணக்கம்.