விசிறியை விட்டு விலகு!

நண்பர்களே, வணக்கம்.

பழைய விமானங்களின் மூக்கில் ஒரு விசிறி இருக்கும். இன்ஜினைக் கிளப்பும் முன் விமானி குரல் கொடுப்பார்: "விசிறியை விட்டு விலகு!" ரஷ்ய மொழியில் 'ஒத் வின்தா'. மேற்கு உக்ரைனின் ரிவ்னே நகரத்து இளைஞர்கள் 1990களில் ராக் குழு தொடங்கியபோது அந்தக் கூச்சலையே பெயராக வைத்துக்கொண்டார்கள். முன்னணிப் பாடகர் யூரி ஜுராவெல் கேலிச்சித்திரமும் வரைபவர். தங்கள் இசையை அவர்கள் 'உக்ராபில்லி' என்கிறார்கள். உக்ரைனும் ராக்கபில்லியும் கலந்தது.

ராக்கபில்லியில் இருக்கும் 'பில்லி', 'ஹில்பில்லி' என்ற சொல்லின் வால். அமெரிக்க மலைப்பகுதி ஏழைகளை நகரத்தார் ஏளனமாக அழைத்த சொல் அது. அவர்களுடைய பாட்டும் கறுப்பின மக்களின் ப்ளூஸும் சேர்ந்து 1950களில் இந்த இசை பிறந்தது. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு பதிவானபோது டிரம்ஸே கிடையாது. பில் பிளாக், பெரிய வயலின் போலிருக்கும் ஆளுயர டபுள் பாஸின் தந்தியை இழுத்துவிடுவார். அது பலகையில் 'டக்'கென்று மோதும். தாளம் அதுதான்.

சரி, இது உக்ரைனில் எப்படி ஒட்டிக்கொண்டது?

கார்பாத்திய மலைப் பக்கம் கொலொமிய்கா என்றொரு ஆட்டப் பாட்டு உண்டு. அடிக்கு 14 அசை: 4, 4, அப்புறம் 6. இரண்டே அடியில் பாட்டு முடிந்துவிடும். ஆடிக்கொண்டே அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். சோம்பேறிப் புருஷன், கஞ்ச மாமியார், யாரும் அதில் தப்ப முடியாது. இதற்கும் இரண்டெண்ணிக்கைத் தாளம், ராக்கபில்லிக்கும் அதே நடை. இரண்டுமே கால் தரையில் நிற்காத மலைக்காரர்களின் இசை. அதனால்தான் உக்ராபில்லியை வெறும் வித்தை என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

சிரிப்பு உக்ரைனிய மொழிக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததும் இல்லை. நவீன உக்ரைனிய இலக்கியம் தொடங்கியதே ஒரு நையாண்டிக் காவியத்தில். 1798இல் வெளிவந்த கொட்லியரெவ்ஸ்கியின் 'எனெயிதா'வில் ரோமானியக் காவிய நாயகனான ட்ராய் வீரன் ஈனியஸ், குடித்துக் கும்மாளமிடும் கொசாக்காக, அதாவது உக்ரைனியப் போர்வீரனாக, வருகிறான். 1876இல் ரஷ்யாவின் ஜார் மன்னர் போட்ட ஆணை உக்ரைனிய மொழியில் நாடகம் நடத்தத் தடை விதித்தது. இசைக்குறிப்போடு பாடல் வரியை அச்சிடவும் தடை! அப்புறம் சோவியத் மேடை வந்தது. அங்கே அந்த மொழிக்கு இடம் கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் தொளதொள கால்சட்டை போட்ட நாட்டுப்புறக் கோமாளியின் வாயில்தான்.

அந்தக் கோமாளி வேஷத்தைப் பிடுங்கித் தங்களுடையதாக்கிக்கொண்டது ராக் தலைமுறை. 1989இல் செர்னிவ்த்சி நகரில் நடந்த 'செர்வோனா ரூத்தா' விழாவில் லிவிவ் நகரத்து 'பிராத்தி ஹத்யூகினி' குழு பாடியது. ஹத்யூகா என்றால் விரியன் பாம்பு. அவர்களுடைய செர்ஹி குஸ்மின்ஸ்கி இலக்கிய மொழியை ஒதுக்கிவிட்டு, லிவிவ் தெருவில் பேசும் கலப்பு மொழியிலேயே எழுதினார். 2009இல் 46 வயதில் அவர் போய்ச் சேர்ந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. எதைப் பாடினாலும் தன் ஊர்க்காரனைவிட ஒரு படி மேலே நின்று சிரிக்காத மனிதர் அவர்.

ரிவ்னேக்காரர்கள் வந்தது இந்த வழியில்தான். இப்போது அவர்களுடைய ஒரு பாட்டைப் போடப்போகிறேன். மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. முதல் தடவை பாஸை மட்டும் கேளுங்கள், அந்த 'டக்' சத்தத்தை. இரண்டாவது தடவை குரலைக் கேட்கலாம்.